ராமானுஜன் பட்டியல்ல விடுபட்ட எண்

போன டிசம்பர் 22ஆம் தேதி, கணித தினத்துக்கு, நான் படிச்ச ஸ்கூல்ல பேசக் கூப்பிட்டிருந்தாங்க. எட்டாவது ஒன்பதாவது பசங்க ஒரு நூறு பேர் ஹால்ல தரையில உக்காந்திருந்தாங்க. டாக்ஸி நம்பர் 1729 கதையை நான் வாயைத் திறக்கறதுக்குள்ள முன் வரிசைப் பசங்க ரெண்டு பேர் சொல்லி முடிச்சுட்டாங்க, சரி இவங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடுன்னு நான் வேற ஒண்ணை எடுத்தேன். ராமானுஜன் 1915ல லண்டன்ல வெளியிட்ட ஒரு பெரிய கட்டுரைல 102 எண்கள் இருக்கற பட்டியல் ஒண்ணு இருக்கு, அந்த வரிசைல வந்திருக்க வேண்டிய ஒரே ஒரு எண் மட்டும் விடுபட்டுப்போச்சு, அது இதுதான்னு சொல்லி போர்டுல பெருசா எழுதினேன்: 2,93,31,86,25,600. கடைசி வரிசைல ஒரு பொண்ணு எழுந்து "அவருக்கே விட்டுப்போச்சா சார்?"னு கேட்டா. "ஆமாம்மா"ன்னேன். அந்தப் பொண்ணு முகத்துல வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

அப்பறம் டீ குடிக்கறப்ப, எனக்குப் பாடம் எடுத்த சார் ஒருத்தர், இப்ப ரிட்டயர் ஆகப்போறவர், பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னார். "எல்லாம் நல்லா இருந்துச்சு தம்பி. அதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். பசங்க மனசுல அவர் சாமி மாதிரி இருக்கார், அதுல நாம ஏன் கீறல் போடணும்?" கோவமே இல்லாம சொன்னார், அதனாலதான் எனக்கு பதில் சொல்ல வரல. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். ஆனா மனசு ஆட்டல. நாலஞ்சு மாசமா அந்தக் கேள்வி கூடவே வருது, பஸ்ல வருது, ஆபீஸ்ல டேலி போடறப்ப வருது. நான் சொன்னது உண்மை. அதுல அவருக்கு என்ன குறைச்சல் வந்துடுச்சு? இதைத்தான் எழுதிப் பாக்கறேன்.

பங்கு போட வசதியான எண்கள்

என் அப்பா திருவல்லிக்கேணில பைண்டிங் கடை வெச்சிருந்தார். ஆண்டர்சன் தெருவுல பேப்பர் வாங்கி, ரிக்‌ஷால ஏத்திட்டு வந்து, மடிச்சு, தைச்சு, பசை போட்டு, அட்டை கட்டி, கணக்குப் புஸ்தகம் பண்ணித் தருவார். பிரஸ்ல இருந்து வர்ற புஸ்தகங்களுக்கும் பைண்டிங் பண்ணுவார். எனக்குக் கணக்குன்னு முதல்ல தெரிஞ்சதே குயர் கணக்குதான். 24 தாள் ஒரு குயர், 20 குயர் ஒரு ரீம். பின்னால ரீம்னா 500 தாள், குயர்னா 25 தாள்னு மாத்தினப்ப அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்ல. "24ஐ ரெண்டாப் போடலாம், மூணாப் போடலாம், நாலாப் போடலாம், ஆறாப் போடலாம், எட்டாவும் போடலாம். 25ஐ வெச்சுக்கிட்டு அஞ்சை விட்டா என்னடா பண்றது?"ன்னு கேப்பார். அந்தக் கேள்விதான் ராமானுஜனோட கேள்வியும்னு எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆச்சு.

விஷயம் இவ்வளவுதான். 12ஐ எடுத்துக்குங்க, அதுக்கு 1, 2, 3, 4, 6, 12ன்னு ஆறு காரணி. 12க்குக் கீழ இருக்கற எந்த எண்ணுக்கும் ஆறு காரணி கிடையாது. அப்படித் தனக்குக் கீழ இருக்கற எல்லா எண்ணையும் காரணி எண்ணிக்கைல ஜெயிக்கற எண்ணுக்கு ராமானுஜன் வெச்ச பேர் ஹைலி காம்போசிட் நம்பர். ஸ்கூல்ல நான் சொன்ன அந்த 102 எண் பட்டியல் இந்த எண்களோட பட்டியல்தான். 12க்கு அப்பறம் 24, அதுக்கு எட்டு காரணி. அப்பறம் 36, 48, 60. நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், வருஷங்களுக்குப் பேர் பிரபவல ஆரம்பிச்சு 60, டஜன்னா 12, வட்டத்துக்கு 360 டிகிரி, இது எல்லாமே அந்தப் பட்டியல்ல இருக்கற எண்கள்தான். பங்கு போடறவங்க எல்லாரும், சந்தைலயும் பஞ்சாங்கத்துலயும், காலங்காலமா இந்த எண்களைத்தான் கையில எடுத்திருக்காங்க. ராமானுஜன் பண்ணினது என்னன்னா, இந்த எண்கள் எப்படித்தான் அமையும்னு அடி ஆழம் வரைக்கும் போய்ப் பாத்தது. இந்த மாதிரி எண்ணைப் பகா எண்களாப் பிரிச்சா, 2, 3, 5, 7ன்னு நடுவுல எதையும் தாண்டாம வரிசையா வரும், சின்னப் பகா எண்ணோட அடுக்கை விடப் பெருசோட அடுக்கு ஒருநாளும் அதிகமா இருக்காது, கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், அதுக்கு விதிவிலக்கு 4, 36 ரெண்டு மட்டும். இதெல்லாம் அந்தக் கட்டுரைல நிரூபிச்சிருக்கார். 63 பக்கக் கட்டுரை. முக்கியமா இந்த வேலைக்காகத்தான் 1916 மார்ச்ல கேம்பிரிட்ஜ்ல அவருக்கு பிஏ பட்டம் குடுத்தாங்க.

பட்டியல் எவ்வளவு தூரம் போகுதுன்னு சொன்னாத்தான் அந்த உழைப்பு புரியும். 2ல ஆரம்பிச்சு 67,46,32,83,88,800 வரைக்கும் போகுது. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம் கோடி. அதுக்கு 10,080 காரணி. கம்ப்யூட்டர்ங்கற வார்த்தைக்கு கணக்குப் போடற ஆள்னு அர்த்தம் இருந்த காலம் அது.

விடுபட்டதைக் கிட்டப் போய்ப் பாத்தேன்

சார் சொன்னது மனசுல உறுத்திட்டே இருந்ததால, அந்தப் பட்டியல் பூராவையும் கையால எழுதிப் பாக்கணும்னு தோணிச்சு. அப்பா கட்டின கணக்கு நோட்டு ஒண்ணு பரண்ல இருந்துச்சு, ரெண்டு குயர் நோட்டு, முதுகுல சிவப்பு கேலிகோ துணி, ஒரு பக்கம்கூட எழுதாதது. அதுல ராமானுஜன் அச்சுல குடுத்த 102 எண்ணையும், அவர் விட்டதை நானும் சேர்க்காம, வரிசையா எழுதினேன். பக்கத்துல ஒவ்வொண்ணோட பகா எண் வரிசையும். தினமும் ராத்திரி சாப்பிட்டப்பறம் ஒரு அரை மணி நேரம். கால்குலேட்டரைத் தொடலை.

விடுபட்ட எண்ணை மட்டும் ஒரு தனித் தாள்ல போட்டேன். அது 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 ரெண்டு தடவை, 7 ரெண்டு தடவை, அப்பறம் 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. 64ஐ 81ஆல பெருக்கினா 5,184. அதை 25ஆல பெருக்கினா 1,29,600. 49ஆல 63,50,400. 11ஆல 6,98,54,400. 13ஆல 90,81,07,200. 17ஆல 15,43,78,22,400. கடைசியா 19ஆல பெருக்கி, கீழ ரெட்டைக்கோடு போட்டு விடையை எழுதறப்ப, 2,93,31,86,25,600, அந்த எண்ணை நானே கட்டி முடிச்ச மாதிரி ஒரு நிறைவு. காரணிகளை எண்ணறதும் சுலபம்தான், 2ஐ ஒண்ணுமே எடுக்காம விடலாம், ஒண்ணு எடுக்கலாம், ஆறு வரைக்கும் எடுக்கலாம், ஆக ஏழு வழி, அதே மாதிரி 3க்கு அஞ்சு வழி, 5க்கு மூணு, 7க்கு மூணு, மத்த நாலுக்கும் ரெண்டு ரெண்டு. எல்லாத்தையும் பெருக்கினா 5,040.

இந்த 5,040 வந்ததும் பேனாவைக் கீழ வெச்சுட்டேன். ஏன்னா 5,040ம் பட்டியல்ல இருக்கற எண். அதுக்கு 60 காரணி. 60ம் பட்டியல்ல இருக்கு, அதுக்கு 12. பன்னெண்டுக்கு 6, ஆறுக்கு 4. மாடிப்படி இறங்கற மாதிரி, கால் வெக்கற ஒவ்வொரு படியும் அந்தப் பட்டியலோட எண்ணா வருது. பிளேட்டோ ஒரு நல்ல நகரத்துல 5,040 குடும்பம் இருக்கணும்னு எழுதினதும் இதே காரணத்துக்குத்தான், எப்படி வேணா பிரிச்சு வேலை குடுக்கலாம்னு.

அப்பறம் அதோட அக்கம்பக்கத்தைப் பாத்தேன். அதுக்கு முன்னாடி வர்ற எண் 2,40,94,02,99,600, அதுக்கு 4,800 காரணி. பின்னாடி வர்றது 3,21,25,37,32,800, அதுக்கு 5,376. முன்னாடி எண்லயும் 23 இருக்கு, பின்னாடி எண்லயும் 23 இருக்கு, நடுவுல நம்ம எண்ல மட்டும் 23 கிடையாது. முன்னாடி எண்ல இருந்து 23ஐ உருவிட்டு, அந்த இடத்துல 28ஐ, அதாவது ரெண்டு 2ம் ஒரு 7ம், சொருகினா நம்ம எண் வந்துடுது. நம்ம எண்ல இருந்து ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் எடுத்துட்டு மறுபடி 23ஐப் போட்டா அடுத்த எண். அந்தப் பகுதில 23 வர்றதும் போறதுமா இருக்கு, ஒரு எண்ல இருக்கும், அடுத்ததுல இருக்காது. அதுக்கப்பறம் பட்டியல் முடியற வரைக்கும் 23 இல்லாத எண்ணே வரல. அதாவது 19ஓட நின்ன எண்கள்ல கடைசி எண் இதுதான். கோயில் கூட்டத்துல கடைசி ஆள் உள்ள நுழையறதுக்குள்ள கதவைச் சாத்தின மாதிரி. 1ல இருந்து 22 வரைக்கும் எந்த எண்ணாலயும் மீதியில்லாம வகுபடற எண், முதல் முதல்ல தடுக்கி நிக்கறது 23ல. அந்த 23தான் இந்தக் கதைல திரும்பத் திரும்ப வருது.

கையால பட்டியல் போடறவருக்கு எவ்வளவு கஷ்டமான இடம் இதுன்னு எழுதறப்பதான் எனக்குத் தெரிஞ்சது. இது பகா எண் வரிசைல ஒவ்வொண்ணா முன்னாடி நகர்ற வேலை இல்ல. பின்னாடியும் திரும்பிப் பாக்கணும், பெரிய பகா எண் ஒண்ணு உள்ள வந்தாச்சுன்னு நினைக்கறப்ப அது இல்லாத ஒரு எண் வந்து நடுவுல உக்காரும்.

மடியில உக்காந்திருந்த நோட்டு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், மயிலாப்பூர்ல. அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கறா. நோட்டை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு பக்கமாத் திருப்பி, "இது என்ன மாமா, ஆரம்பத்துல இருக்கற சிலதை விட்டா எல்லாமே பூஜ்யத்துல முடியுது"ன்னு கேட்டா. 2ம் 5ம் இருந்தா முடியத்தானே செய்யும்னேன். விடுபட்ட எண் இருந்த தனித் தாளையும் பாத்தா. ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்பறம், "கடைசி நம்பரை இதால வகுத்துப் பாத்தீங்களா மாமா?"ன்னா. எனக்குத் தோணவே இல்லம்மா, ஏன்னு கேட்டேன். "சும்மாதான், கடைசி நம்பர்தான் பெருசு, இது ஒண்ணுதான் காணாம போனது, ரெண்டும் எப்படின்னு பாக்கலாம்"னா. போன்ல தட்டினா. 23ன்னு வந்துச்சு. புள்ளியும் இல்ல, பின்னமும் இல்ல, வெறும் 23.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. நோட்டை வாங்கி ரெண்டு வரிசையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். கடைசி எண், ராமானுஜன் பட்டியலை முடிச்ச எண்: 2 ஆறு தடவை, 3 நாலு, 5 ரெண்டு, 7 ரெண்டு, 11, 13, 17, 19, 23. விடுபட்ட எண்: அதே வரிசை, 23 மட்டும் இல்லாம. காரணி எண்ணிக்கையும் அதேதான், 5,040க்கு ரெண்டு மடங்கு 10,080. கடைசி வரில 23 மேல கட்டைவிரலை வெச்சு மறைச்சா, விட்டுப்போன எண் அப்படியே அங்க உக்காந்திருக்கு. அதைத் தொடாம அவர் பட்டியலை முடிச்சிருக்கவே முடியாது. அவ்வளவு நேரமா விடுபட்டதுன்னு நான் சொல்லிட்டிருந்த எண் அந்தப் பட்டியலோட கடைசிப் பக்கத்துலயே, ஒரு பகா எண்ணுக்குப் பின்னாடி இருந்திருக்கு.

கட்டைவிரல்னதும் எனக்கு அப்பா ஞாபகம். புஸ்தக பைண்டிங்ல பெரிய தாளை மூணு தடவை மடிச்சா 16 பக்கம், அதுக்குப் பேர் ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தோட முதல் பக்கத்துக்கு அடியில பொடி எழுத்துல அதோட நம்பர் இருக்கும். அந்த நம்பரை ஓரமாக் கட்டைவிரலால சர்ருன்னு தள்ளிக்கிட்டே பாப்பார். ஒரு தடவை ஒரு ஆள் புஸ்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார், ஏழாவது பாரம் இல்ல, 96ஆம் பக்கத்துக்கு அப்பறம் 113. மொத்தம் 200 காப்பி கட்டியிருந்தோம். அன்னிக்கு ராத்திரி அப்பா மிச்சம் 199ஐயும் எடுத்துவெச்சு ஒவ்வொண்ணாப் பாத்தார், நான் பக்கத்துல உக்காந்து பசை கிண்டிட்டு இருந்தேன். வேற எதுலயும் குறை இல்ல. விடியக்காலைல அப்பா சொன்னது இதுதான்: "மிஷின் விட்டா எல்லாத்துலயும் விடும்டா. கை விட்டா ஒண்ணுலதான் விடும்."

சார்கிட்ட அன்னிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்னு இப்பத் தோணுது. நாமக்கல் தாயார் கனவுல வந்து எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்றோம், அவரே அப்படிச் சொன்னவர்தான், அதை நான் மறுக்கல. ஆனா அதை மட்டுமே சொல்லிச் சொல்லி, துறைமுகத்துல 1912ல மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை பாத்துட்டு வீட்டுக்கு வந்து, காகிதம் வாங்கக் காசு கட்டுப்படியாகாம சிலேட்டுல போட்டுப் போட்டு, முழங்கையாலயே அழிச்சு அழிச்சு உக்காந்திருந்த ஆளை நாம பாக்காமலே விட்டுட்டோம். ஜார்ஜ் டவுன்லயும் திருவல்லிக்கேணிலயும் குடியிருந்த மனுஷன், என் அப்பா பேப்பர் சுமந்த அதே தெருக்கள். 103 எண்ல 102ஐக் கையால சரியாப் பிடிச்ச பட்டியலைப் பாத்தாத்தான் எனக்கு அந்த முழங்கை தெரியுது. அந்த விட்டுப்போன இடம்தான், இது யாரோ உக்காந்து பண்ணின வேலைன்னு காட்டற அடையாளம். கடைசி வரிசைப் பொண்ணு முகம் மலர்ந்தது அதனாலதான்னு நான் நம்பறேன். சாமியை யாரும் தொடர முடியாது, உக்காந்து வேலை பாத்தவரைத் தொடரலாம்.

காகிதம் இல்லாததால நின்னுபோனது

இன்னொண்ணு சொல்லணும், ஏன்னா விடுபட்டதுன்னு பேசறதா இருந்தா ஒரு எண்ணை விடப் பெருசா ஒண்ணு விடுபட்டிருக்கு. 1915ல யுத்த காலம், லண்டன் மேதமேட்டிகல் சொசைட்டிக்குப் பண முடை. அச்சுச் செலவு தாங்காதுன்னு ராமானுஜனோட கட்டுரைல ஒரு பகுதியைத்தான் போட்டாங்க. மிச்சம் கையெழுத்துப் பிரதியாவே கிடந்துச்சு. 1997லதான் நிக்கோலா, ரோபன்னு ரெண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் குறிப்பு எழுதி, ராமானுஜன் பேர்லயே நடக்கற இதழ்ல அதை வெளியிட்டாங்க. மெட்ராஸ்ல சிலேட்டு, லண்டன்ல அச்சுக்கூலி, ரெண்டு ஊர்லயும் அந்த மனுஷனுக்குக் காகிதம் போதல. பைண்டிங்காரன் பையனா எனக்கு இதைப் படிச்சப்ப ரொம்ப வலிச்சது.

அந்த ரோபன் 1984லயே ஒண்ணு நிரூபிச்சிருந்தார். ஒரு எண்ணோட காரணிகளை எல்லாம் கூட்டினா வர்ற தொகை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாதுன்னு ஒரு கூற்று, 5,040ஐ விடப் பெரிய எல்லா எண்ணுக்கும் அது பொருந்தும்னா ரீமான் கருதுகோள் உண்மை, ஒரே ஒரு எண்ணுக்குப் பொருந்தலைன்னாலும் அது பொய். பகா எண்கள் எப்படிப் பரவியிருக்குங்கறதோட சம்பந்தப்பட்ட கருதுகோள் அது, கணிதத்துல இன்னிக்கு வரைக்கும் தீராம இருக்கற பெரிய கேள்வி. அச்சாகாமக் கிடந்த அந்தப் பக்கங்கள்ல, ரீமான் கருதுகோள் சரின்னு வெச்சுக்கிட்டா பெரிய எண்களுக்கு இந்த எல்லை வரும்ங்கறதை ராமானுஜன் ஏற்கனவே எட்டியிருந்தார். வாசல்ல நிக்கற எண் எதுன்னு பாருங்க, 5,040. விடுபட்ட எண்ணோட காரணி எண்ணிக்கை.

சாரைப் போய்ப் பாக்கணும், நோட்டை எடுத்துக்கிட்டு. இன்னும் போகல, பரீட்சைப் பேப்பர் திருத்தற நேரம், முடியட்டும்னு இருக்கேன். அன்னிக்கு மயிலாப்பூர்ல இருந்து கிளம்பறப்ப அக்கா பொண்ணு பேனா கேட்டா. 2,40,94,02,99,600க்கும் 3,21,25,37,32,800க்கும் நடுவுல நான் இடமே விடல, ராமானுஜன் பட்டியல் எப்படியோ அப்படியேன்னு நெருக்கமா எழுதியிருந்தேன். ரெண்டு கோட்டுக்கும் இடையில, அரிசியில பேர் எழுதற மாதிரி பொடி எழுத்துல அந்த எண்ணை எழுதினா. அப்பறம் பக்கத்தைத் திருப்பி, கடைசி எண்ணுக்குப் பக்கத்துல போய், "× 23"ன்னு போட்டு, அதுக்கு மேல ஒரு சின்ன அம்புக்குறி பின்னாடி பாத்த மாதிரி வரைஞ்சா.